எந்த மாநிலத்தில் குடி அதிகம்? ஏன் ஒரே பதில் கிடைப்பதில்லை

மலையாளிகள்தான் நாட்டிலேயே பெரிய குடிகாரர்கள், பஞ்சாபில் வீட்டுக்கு வீடு போதைப் பவுடர், குஜராத்தில் யாரும் தொடுவதே இல்லை. டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்த மூன்றையும் கேட்காதவர் இருக்க முடியாது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இவை சாவதில்லை. ஆனால் மூன்றும் வேறு வேறு அளவுகோலில் அளந்தவை. முதலாவது விற்ற சரக்கைப் பார்த்துச் சொன்னது. இரண்டாவது பாதிப்பைப் பார்த்துச் சொன்னது. மூன்றாவது சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னது. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு யார் முதலிடம் என்று சண்டை போட்டால் விடியும் வரை போடலாம்.

எப்படி எண்ணுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினால் குழப்பத்தில் பாதி தீரும்.

## தலையை எண்ணினால்

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019–21-ல் நடந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்ட கேள்விகளில் குடிப்பழக்கமும் ஒன்று. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 18.8% பேர் குடிப்பதாகச் சொன்னார்கள், பெண்களில் 1.3%. மக்களில் இத்தனை சதவீதம் பேர் ஒரு பழக்கத்தில் இருக்கிறார்கள் என்ற இந்தக் கணக்கைப் ‘பரவல்’ என்பார்கள்.

மாநில வாரியாகப் பார்த்தால் அருணாசலப் பிரதேச ஆண்களில் 52.7%, தெலங்கானாவில் 43.3%, தமிழ்நாட்டில் 25.4%, கேரளத்தில் 19.9%, குஜராத்தில் 5.8%. லட்சத்தீவில் அரை சதவீதம்கூட இல்லை. ஆமாம், கேரளம் தேசிய சராசரியை ஒட்டித்தான் நிற்கிறது. மலையாளிகளைக் கேலி செய்யும் நாம் அவர்களைத் தாண்டி இருக்கிறோம். நகரத்தில்தான் குடி அதிகம் என்ற எண்ணமும் இதில் அடிபடுகிறது: நாடு முழுக்கக் கிராமத்து ஆண்களில் 19.9%, நகரத்து ஆண்களில் 16.5%.

அப்படியானால் கேரளத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அங்கே மதுவின் விற்பனை அரசின் பெவ்கோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வோர் ஓணத்துக்கும் எத்தனை கோடிக்கு விற்றது என்ற கணக்கு மறுநாளே செய்தியாகிவிடும், வரிசையின் படத்தோடு. இங்கே தீபாவளிக்கு டாஸ்மாக் செய்தி வருவதும் இதே வழியில்தான். அருணாசலத்தில் வீட்டுப் பெண்கள் அரிசியிலும் தினையிலும் காய்ச்சும் ‘அப்போங்’ எந்தக் கல்லாவிலும் பதிவாவதில்லை. விருந்தாளிக்கு முதலில் தருவதும், சடங்கில் படைப்பதும் அதைத்தான். அதனால்தான் அந்த மாநிலப் பெண்களிலும் 24.2% பேர் குடிப்பதாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் சொன்னவர்கள் 0.3%. இங்கே அந்தக் கேள்விக்கு ஒரு பெண் ‘ஆமாம்’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதையும் அந்த 0.3-ல் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடைக் கணக்கில் வராத இந்தக் குடியை உலக சுகாதார நிறுவனம் ‘பதிவாகாத மது’ என்கிறது. வீட்டுக் காய்ச்சல், கள்ளச்சாராயம், பக்கத்து மாநிலத்திலிருந்து டிக்கியில் வரும் பாட்டில் எல்லாம் இதில் அடக்கம். விற்பனைப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

இதுவரை: பரவல் எத்தனை பேர் என்று சொல்லும். விற்பனை எவ்வளவு சரக்கு என்று சொல்லும். இரண்டின் தரவரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

## எவ்வளவு என்பதும் எப்படி என்பதும்

மழையை எடுத்துக்கொள்வோம். லண்டனில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 60 செ.மீ. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. லண்டனில் குடை நனைகிறது. தாம்பரத்தில் வீடு மூழ்கியது. வடிகால் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கும், அதற்கு மேல் வந்தால் தெருவில்தான் நிற்கும். அங்கே போய் வருட சராசரியைச் சொல்லிப் பயனில்லை.

நம் உடம்பில் அந்த வடிகால் கல்லீரல். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் அது கரைக்கும். அதிகம் குடித்துவிட்டோமே என்று வேகத்தைக் கூட்டாது. மோர், எலுமிச்சை, குளியல் எதற்கும் மசியாது. மிச்சம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஒரு வட்டாரத்தின் குடியைப் புரிந்துகொள்ள ‘குடிக்கும் பாங்கு’ என்ற இன்னொரு அளவும் தேவை. ஒருவர் ஒரே அமர்வில் எவ்வளவு குடிக்கிறார் என்பதுதான் அது. இத்தாலியிலோ பிரான்சிலோ சாப்பாட்டோடு ஒரு கோப்பை ஒயின், தினமும் என்றாலும், ஒரு பாங்கு. வாரம் முழுக்கத் தொடாமல் சனிக்கிழமை இரவு விழும் வரை குடிப்பது இன்னொரு பாங்கு. வட ஐரோப்பாவுக்கு வெகுகாலமாக இந்தப் பெயர் உண்டு. முதலாவது பாங்கு ஈரல் நோயையும் புற்றுநோய் அபாயத்தையும் மெதுவாகக் கூட்டும். இரண்டாவது சாலை விபத்து, அடிதடி, தடுக்கி விழுதல் என்று உடனே கணக்குத் தீர்க்கும்.

## ஒரு குவாட்டரில் என்ன இருக்கிறது

பிராந்தி பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: 42.8% v/v என்று போட்டிருக்கும். 100 மி.லி.யில் 42.8 மி.லி. தூய ஆல்கஹால் என்று பொருள். 30 மி.லி. பெக் ஒன்றில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் வருகிறது. இந்த 10 கிராமை ‘ஓர் அலகு’ என்று வைத்துக்கொள்வோம். எந்த மதுவையும் எதோடும் ஒப்பிட இந்த அலகு போதும்.

இனி நம் ஊர்க் கணக்கு. குவாட்டர் என்பது 180 மி.லி. அதாவது ஆறு அலகு, ஏறக்குறைய 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் கடந்த 30 நாளில் ஒரு முறையாவது, ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடித்தவரை ‘ஒரே மூச்சில் மிகையாகக் குடிப்பவர்’ என்று வகைப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் ஒரு ஆள் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்கும் அளவு, சரியாக அந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது! இரண்டு பேர் பங்கு போட்டுக் கட்டிங்காக அடித்தால் ஆளுக்கு மூன்று அலகு. தனியாக முடித்தால் ஆறு.

‘பீர்தானே, அது கணக்கில் வராது’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் 8% வரை போகும். அப்படிப் பார்த்தால் ஒரு பாட்டிலில் 41 கிராம், நான்கு பெக். இரண்டு பாட்டில் அடித்தவர் குவாட்டரைத் தாண்டிவிட்டார்.

ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவாட்டரை மடமடவென முடித்தவருக்கு, மணிக்கு எட்டு கிராம் என்று கல்லீரல் வேலை செய்தாலும், அது முழுதும் கரையக் காலை ஐந்தரை மணி தாண்டிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம். தூங்கி எழுந்துவிட்டோமே என்று விடியும் முன்பே வண்டி எடுப்பவர் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

நாடுகளை ஒப்பிடும்போதும் இந்தத் தூய ஆல்கஹால் கணக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2016-ல் இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு வருடத்துக்கு 5.7 லிட்டர், ஜெர்மனியில் 13.4 லிட்டர். நாம் எவ்வளவோ பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் இங்கே பாதிப் பேருக்கு மேல் குடிப்பதே இல்லை, பெண்கள் அநேகமாக யாருமே இல்லை. குடிப்பவர் தலையில் மட்டும் வகுத்தால் அந்த 5.7 இரண்டு மடங்குக்கு மேல் எகிறிவிடும். குறைந்த பேர், குடித்தால் நிறைய, அதுவும் பிராந்தி, ரம், விஸ்கி போன்ற கடும் மது: இந்தியாவின் பாங்கு சுருக்கமாக இதுதான்.

## ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது

விளைவதைப் பொறுத்துக் குடி அமைந்தது என்பது பழைய பதில். திராட்சை விளைந்த இடத்தில் ஒயின், பார்லி விளைந்த இடத்தில் பீர், பனையும் தென்னையும் நின்ற இடத்தில் கள், மத்திய இந்தியக் காடுகளில் இலுப்பைப் பூச் சாராயம். இன்று லாரியும் உரிமமும் வந்தபின் இது பாதிதான் உண்மை. தமிழ்நாட்டில் பனைக்குப் பஞ்சமில்லை, ஆனால் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பாலக்காட்டில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இங்கேயோ பீர் அளவுக்கே போதையுள்ள கள்ளை மூடிவிட்டு, 42.8% சரக்கை அரசே 2003 முதல் சில்லறையில் விற்கிறது. மரம் அதே மரம், மாநில எல்லை தாண்டினால் குடி மாறிவிடுகிறது.

உடம்பிலும் ஒரு காரணம் உண்டு. ஆல்கஹால் கரையும்போது இடையில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகி, பின் அதுவும் கரையும். சீனா, ஜப்பான், கொரியாவைச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த இரண்டாவது படியைச் செய்யும் நொதி மரபிலேயே மந்தம். ஒரு கிளாஸில் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும்.

மதம், சாதி, பெண்கள் மீதான கண்காணிப்பு, கையில் புரளும் காசு, கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பது எல்லாம் சேர்ந்ததுதான் மிச்சம்.

## போதைப்பொருள் பக்கம் வருவோம்

மதுவில் போதை தருவது எத்தனால் என்ற ஒரே வேதிப்பொருள். பிராந்தியானாலும் அப்போங்கானாலும் அதேதான், அடர்த்திதான் மாறுகிறது. போதைப்பொருள் அப்படி இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல பொருள்களை அந்த ஒரு மூட்டைக்குள் கட்டிவைத்திருக்கிறோம். அவற்றில் இந்தியாவுக்கு முக்கியமானவை இரண்டு குடும்பங்கள்.

முதலாவது கஞ்சாச் செடி. 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்தச் செடியின் பூக்கும் நுனியையும் (கஞ்சா) பிசினையும் (சரஸ்) தடை செய்தது. தனியாகப் பறித்த இலையைத் தொடவில்லை. அந்த இலையை அரைத்தால் பாங்கு (bhang; மேலே பார்த்த ‘குடிக்கும் பாங்கு’ அல்ல). எனவே வாரணாசியிலும் ஜெய்சால்மரிலும் அரசு அனுமதி பெற்ற பாங்குக் கடைகள் வெளிப்படையாக நடக்கின்றன. ஹோலிக்குத் தண்டாய் என்ற பால் பானத்தில் கலந்து பாட்டி முதல் பேரன் வரை குடிப்பார்கள். அதே செடியின் பூவை 20 கிலோவுக்கு மேல் வைத்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

இரண்டாவது ‘ஓபியாய்டு’ குடும்பம். கசகசாச் செடியின் பாலில் இருந்து வரும் அபினி, அதிலிருந்து செய்யும் ஹெராயின், அதே வேலையைச் செய்யும் சில வலி மாத்திரைகள் எல்லாம் இதில் சேரும். மூளையில் வலியையும் மூச்சையும் கட்டுப்படுத்தும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்வது இவற்றின் பொதுக் குணம்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நாடு முழுக்க எடுத்த கணக்கு 2019-ல் வந்தது. 10 முதல் 75 வயதுக்குள் மது அருந்துபவர்கள் சுமார் 16 கோடி. கஞ்சாச் செடியின் ஏதாவது ஒரு வடிவத்தை எடுப்பவர்கள் 3.1 கோடி, அதில் பெரும்பகுதி பாங்கு. ஓபியாய்டு எடுப்பவர்கள் 2.26 கோடி.

இதன் வரைபடம் மதுவின் வரைபடத்தோடு பொருந்தவே பொருந்தாது. ஓபியாய்டில் மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் மிசோரம், நாகாலாந்து, மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்கள் மேலே நிற்கின்றன. காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது: மியான்மர் எல்லை, அதற்கு அப்பால் அபினி விளையும் மலைகள். 1980-களிலேயே மணிப்பூரில் ‘நம்பர் ஃபோர்’ ஹெராயின் ஊசி வழியாகப் பரவி, பின்னாலேயே எச்.ஐ.வி.யும் வந்தது. பஞ்சாபில் ‘சிட்டா’ என்று அழைக்கப்படும் ஹெராயினுக்கு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழி. ராஜஸ்தானின் மார்வார் பகுதியில் அபினிக் கரைசலை உள்ளங்கையில் ஊற்றி விருந்தாளிக்குத் தருவது பழைய மரியாதை. இங்கேயோ, நரம்பில் ஏற்றப்படும் வலி மாத்திரைகள்தான் கொஞ்ச காலமாகப் போலீஸ் செய்தியில் அடிபடுகின்றன.

‘பஞ்சாபில் வீட்டுக்கு வீடு’ என்பது மிகை. ஓபியாய்டால் பாதிக்கப்பட்டவர்களின் விகிதம் அங்கே தேசிய சராசரியைப் போலச் சில மடங்கு என்பது உண்மை. தலையை மட்டும் எண்ணினால் முதலில் நிற்பது உத்தரப் பிரதேசம். அது பெரிய மாநிலம் என்பதால். மேலே மதுவில் பார்த்த அதே குழப்பம்தான்.

## ஒளித்து வைப்பவரை எப்படி எண்ணுவது

வீட்டுக் கதவைத் தட்டி ‘குடிப்பீர்களா’ என்றால் பலர் ஒப்புக்கொள்வார்கள். ‘ஹெராயின் எடுப்பீர்களா’ என்று அம்மாவும் மனைவியும் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் யார் சொல்வார்? அதில் ஆழமாகப் போனவர் அநேகமாக வீட்டிலேயே இருக்க மாட்டார்.

அதனால் எய்ம்ஸ் இரண்டு வழிகளில் போனது. மது, கஞ்சா போன்றவற்றுக்கு வீட்டுக் கணக்கெடுப்பு: 186 மாவட்டங்களில் சுமார் 4.7 லட்சம் பேர். ஹெராயின் போன்றவற்றுக்கு ‘சங்கிலி முறை’: ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கும் ஒருவரைப் பேட்டி கண்டு, அவரிடம் சில சீட்டுகளைக் கொடுத்து, தனக்குத் தெரிந்த மற்றவர்களை அழைத்துவரச் சொல்வது. வந்தவர்களும் அப்படியே. இந்த வழியில் 72,642 பேரைச் சந்தித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டு, சிகிச்சை மையங்களின் பதிவேட்டோடு பொருத்தி, வெளியே தெரியாத மொத்த எண்ணிக்கையைக் கணித்தார்கள்.

ஆக, மதுவின் எண் நேரடியாகக் கேட்டது. ஹெராயினின் எண் சுற்றிவளைத்துக் கணித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கால் சதவீத வித்தியாசத்துக்கு வாதம் செய்வது வீண் வேலை.

## எது மோசம் என்ற கேள்வி

‘குடியாவது பரவாயில்லை, பவுடர் தொட்டால் அவ்வளவுதான்’ என்பது நம் பொதுப்புத்தி. அதே எய்ம்ஸ் கணக்கைப் பார்ப்போம். 16 கோடி குடிப்பவர்களில் சுமார் 5.7 கோடிப் பேருக்கு அது ஏற்கெனவே பிரச்சினையாகி உதவி தேவைப்படுகிறது. ஓபியாய்டு எடுக்கும் 2.26 கோடியில் அப்படிப்பட்டவர்கள் 77 லட்சம். இரண்டிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்! உலக அளவில் 2019-ல் மதுவால் 26 லட்சம் இறப்புகள், போதைப்பொருள்களால் 6 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதை வைத்து இரண்டும் ஒன்றே என்றும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் கொல்லும் விதம் வேறு. மது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஈரலைச் சுருக்கியோ, ஒரு நொடியில் வண்டியைக் கவிழ்த்தோ கொல்கிறது. ஓபியாய்டு மிகையானால் மூளை மூச்சு விடச் சொல்வதையே நிறுத்திவிடும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மதுவில் மொத்தச் சாவு அதிகம், குடிப்பவர் எண்ணிக்கையும் மிக மிக அதிகம். ஹெராயினில் ஓர் ஆளுக்கான ஆபத்து அதிகம், ஆட்கள் குறைவு.

கள்ளச்சாராயம் தனிக் கதை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது குடித்த அளவால் அல்ல. அதில் கலந்திருந்த மெத்தனால் என்ற விஷம், உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பை அடிக்கும்.

## கடையை மூடினால் கஞ்சா வருமா

தேர்தல் நேரத்தில் தவறாமல் வரும் வாதம் இது. பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு. 2019–21 கணக்கெடுப்பில் பீகார் ஆண்களில் 15.5% பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். கடை திறந்திருக்கும் மகாராஷ்டிரத்தில் 13.9%. விலக்கு என்றால் குடியே இல்லை என்று அர்த்தமில்லை. குஜராத்தில் மாநிலம் பிறந்த 1960-லிருந்தே தடை, அங்கே 5.8% என்பதில் சட்டத்தோடு சமண, வைணவப் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. மணிப்பூரில் 1991-ல் விலக்கு வந்தது, ஹெராயினும் இருந்தது. அதனால் மதுவிலக்குதான் ஹெராயினைக் கொண்டுவந்தது என்று பலர் முடிச்சுப் போடுவார்கள். ஆனால் ஹெராயின் விலக்குக்கு முன்பே வந்துவிட்டது; வழி திறந்துவிட்டது எல்லைதான்.

மதுவையும் போதைப்பொருளையும் இரண்டு தனி அறைகளாக நினைப்பதும் சில ஊர்களில் செல்லாது. தெலங்கானாவில் கள்ளுக்குக் கிராக்கி அதிகம், மரங்கள் அவ்வளவு இல்லை. தண்ணீர் சேர்த்த கள்ளில் கிக் ஏற்ற குளோரல் ஹைட்ரேட், அல்பிரசோலம் போன்ற தூக்க மருந்துகளைக் கலப்பது அங்கே பல காலமாக நடக்கிறது. கலப்படம் பிடிபட்டுக் கடை மூடும்போது, தினமும் கள் மட்டுமே குடித்துவந்த கூலித் தொழிலாளிகள் கைநடுக்கத்தோடும் வலிப்போடும் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களை எந்தப் பட்டியலில் எழுதுவது?

## நிறுத்தும்போது

பழக்கத்துக்கு உடம்பே அடிமையாகி, கிடைக்காவிட்டால் தொல்லை தரும் நிலை ‘சார்புநிலை’. நிறுத்தியதும் வரும் தொல்லைகள் ‘விலகல் அறிகுறிகள்’. இதில் பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹெராயினை நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, பேதி என்று நரக வேதனை. அதனாலேயே உயிர் போவது அரிது. ஆண்டுக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, இல்லாதது தெரிவது, குழறல் எல்லாம் வரலாம். மருத்துவம் பார்க்காவிட்டால் சாவும் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையின் துணையோடு நிறுத்த வேண்டியது மதுதான்.

ஓபியாய்டில் ஆபத்து நிறுத்திய பிறகு காத்திருக்கிறது. தொடர்ந்து எடுக்கும்போது உடம்பு பழகி, அதே போதைக்கு மேலும் மேலும் தேவைப்படும், இது ‘தாங்குதிறன்’. சில வாரம் விட்டால் அது இறங்கிவிடும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்தவர் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அந்த நேரத்தில் நலோக்சோன் என்ற மருந்து கொடுத்தால் மீட்டுவிடலாம். நீண்ட நாள் சிகிச்சைக்கு பஞ்சாபிலும் மணிப்பூரிலும் அரசு மையங்களில் புப்ரனார்பின் மாத்திரை தருகிறார்கள். மது, போதைப்பொருள் இரண்டுக்குமே யாரிடம் போவது என்று கேட்க, மத்திய அரசின் இலவச உதவி எண் 14446.